குழுவில் ஒருவரை @ போட்டு அழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னார்வ மொழிபெயர்ப்புக் குழு ஒன்றைச் சில ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். நாங்கள் யாரும் நேரில் சந்தித்ததில்லை. வேலை முழுக்க இணையத்தில், குழு உரையாடலில்தான் நடக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்பதைவிட, "அவரை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாரா? கூப்பிட்டும் வரவில்லையே?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

பெயரைத் தெளிவாக எழுதித்தானே கேட்டேன், அவர் ஏன் பார்க்கவில்லை?

நீங்கள் எழுதியது பெயர், அழைப்பு அல்ல. பெரும்பாலான செயலிகளுக்கு "மலர், இதைப் பார்க்க முடியுமா?" என்பதும் "மலர் பூத்தது" என்பதும் ஒன்றுதான். @ தட்டியதும் உறுப்பினர் பட்டியல் ஒன்று எழும். அதிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பெயர் நிறம் மாறி, அழுத்தினால் திறக்கும் இணைப்பாகும். அந்த நிறமாற்றம்தான் அடையாளம். அனுப்பும் முன் பெயர் சாதாரண எழுத்தாகவே தெரிந்தால் அவருக்கு அறிவிப்பு மணி அடிக்காது.

நேரில் பேசும்போது நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. நெவில் மோரே என்ற உளவியலாளர் 1959-ல் ஒரு சோதனை வெளியிட்டார். காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் வெவ்வேறு பேச்சு ஓடும். ஒரு காதில் கேட்பதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். கவனிக்காத காதில் வந்த கட்டளைகள் அநேகமாக எவர் மனத்திலும் ஏறவில்லை. ஆனால் அதே காதில் சொந்தப் பெயர் வந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைக் கண்டுகொண்டார். அவ்வளவு கூர்மையான காது நமக்கு. திரையில் ஓடும் நூறு செய்திகளுக்கு அந்தக் காது கிடையாது. அந்த வேலையைத்தான் @ செய்கிறது.

இந்தக் குறி எங்கிருந்து வந்தது?

1971-ல் ரே டாம்லின்சன் வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப நிரல் எழுதினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. யார் பெயரிலும் வராத குறி என்பதால் @ பொருந்தியது. அப்போது அது முகவரிக் குறி மட்டுமே, யாரையும் கூப்பிடுவதற்கானது அல்ல.

1988-ல் பின்லாந்தில் தொடங்கிய ஐஆர்சி அரட்டையில் பெயரை எழுதி முக்காற்புள்ளி வைத்துப் பேசுவது பழக்கமானது. அங்கே பெயர் வந்தாலே வரியை வண்ணத்தில் காட்ட மென்பொருள்கள் கற்றுக்கொண்டன. ட்விட்டர் 2006-ல் வந்தபோது அதில் பதில் சொல்லும் வசதியே இல்லை. பயனர்களே பெயருக்கு முன் @ போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. ஃபேஸ்புக் 2009-லும் வாட்ஸ்அப் குழுக்கள் 2016-லும் அதே வழிக்கு வந்தன.

நம் இலக்கணத்தில் அழைப்பதற்கென்றே ஒரு வேற்றுமை உண்டு: எட்டாவதான விளி வேற்றுமை. இரண்டு முதல் ஏழு வரையான வேற்றுமைகளுக்கு இருப்பதுபோல் அதற்குத் தனி உருபு இல்லை, பெயரே திரியும். கண்ணன் கண்ணா ஆவான். பக்கத்தில் இருப்பவரை இயல்பாகவும் தொலைவில் இருப்பவரை நீட்டி முழக்கியும் கூப்பிடுவது வழக்கம். @-ஐ அந்த நீட்டலின் தட்டச்சு வடிவம் என்று நினைத்துக்கொண்டால், எப்போது போடலாம், எப்போது வேண்டாம் என்பது பாதி புரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் "கண்ணாஆஆ" என்று கத்துவதில்லை.

"யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டேன். 200 பேர் இருக்கும் குழு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன்?

200 பேர் இருப்பதால்தான். ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரும் 1968-ல் செய்த சோதனை இதற்குப் பிரசித்தம். கலந்துகொண்டவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து ஒலிவாங்கி வழியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் தடுமாறும் (அது பதிவு செய்யப்பட்ட குரல்). தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்கும் முன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். இரக்கம் இல்லாமல் போய்விடவில்லை. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

வலிப்புக்கே இந்த நிலை என்றால், உங்கள் எக்செல் சந்தேகத்துக்கு எவ்வளவு பேர் எழுவார்கள்?

நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வும் உண்டு. பாட்ரிக் மார்க்கி 2000-ல் வெளியிட்டது, 400 இணைய அரட்டைக் குழுக்களில் செய்தது. குழுவில் ஆட்கள் கூடக்கூட உதவி வரும் நேரமும் நீண்டது. ஆனால் கேள்வியை ஒருவரின் பயனர்பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டபோது, கூட்டத்தால் வந்த அந்தத் தாமதம் கிட்டத்தட்ட மறைந்துபோனது. ஊருக்குப் பொதுவாகக் கேட்டால் யாருடைய கேள்வியும் இல்லை. பெயர் சொன்னதும் அது ஒருவர் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது.

அதனால் எங்கள் குழுவில் நான் சொல்வது: முதலில் பொதுவாகக் கேளுங்கள், ஒரு நாள் பொறுங்கள், பிறகு ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். எடுத்தவுடனேயே பெயர் சொன்னால், பதில் தெரிந்த மற்றவர்கள் ஒதுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அவசரம் என்றால் மட்டும் முதல் படியைத் தாண்டலாம்.

யாரை அழைப்பது? எல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரையே கூப்பிடலாமா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் அவருடைய தொலைபேசி நாள் முழுக்க அடிக்கிறது. அந்தக் கோப்பைக் கடைசியாகத் தொட்டவர் யார், இதே சந்தேகத்தைப் போன மாதம் கேட்டவர் யார் என்று குழுவில் தேடிப் பாருங்கள். போன மாதம் கேட்டவருக்குப் பெரும்பாலும் விடை கிடைத்திருக்கும். அதைத் திருப்பிச் சொல்லவும் அவருக்கு ஆசையாக இருக்கும். வல்லுநரைவிட, நமக்கு ஒரு படி மட்டும் முன்னால் நிற்கிறவர்தான் நன்றாகச் சொல்லித் தருவார் என்பது என் அனுபவம்.

அழைக்கும்போது கூடவே என்ன எழுத வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

எங்கள் குழுவில் ஒருமுறை வந்த செய்தி, ஏறத்தாழ அப்படியே:

"@மலர் இருக்கீங்களா?"

அவ்வளவுதான். மலர் (பெயரை மாற்றியிருக்கிறேன்) அரை மணி கழித்து "சொல்லுங்க" என்றார். கேட்டவர் அதற்குள் தூங்கப் போய்விட்டார். மறுநாள் காலை "ஒரு டவுட்" என்றார். மலர் வேலையில் இருந்தார். மாலையில் "என்ன டவுட்?" என்றார். இப்படி இரண்டு நாள், ஐந்து மணியோசை. கேள்வி வெளியே வந்தபோது அதற்கு விடை ஒரே சொல்: "ஆமாம்."

அதையே இப்படி எழுதியிருக்கலாம்:

"@மலர் உதவிப் பக்கத்தின் மூன்றாம் பத்தியில் 'கோப்புறை' என்று போட்டிருக்கிறேன். பழைய பக்கங்களில் 'அடைவு' என்று இருக்கிறது. அந்தப் பக்கங்களை நீங்கள் செய்ததால் கேட்கிறேன்: நானும் 'அடைவு' என்றே மாற்றிவிடட்டுமா? வியாழன் வரை பார்க்கிறேன். பதில் இல்லையென்றால் 'அடைவு' என்று மாற்றி அனுப்பிவிடுகிறேன்."

இதில் எங்கே பார்க்க வேண்டும் என்பது முதலில் வந்துவிட்டது. மலர் பக்கத்தைத் திறக்காமலே விஷயம் புரியும். "நீங்கள் செய்ததால்" என்பதில், ஊரில் இத்தனை பேர் இருக்க ஏன் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பதற்குக் காரணம் கிடைக்கிறது. காரணம் தெரியாத அழைப்பு வேலை ஏவுவதுபோல் கேட்கும். காரணத்தோடு வந்தால் அது மதிப்பு. கேள்வி ஆமாம் அல்லது இல்லை என்று முடியும்படி இருக்கிறது. பேருந்தில் நின்றுகொண்டே பதில் போடலாம். கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மலர் பார்க்காவிட்டாலும் வேலை நிற்காது, அவர் குற்றவாளியும் ஆகமாட்டார்.

வணக்கமும் நலம் விசாரிப்பும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைத் தனிச் செய்தியாக அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கேள்வியோடு சேர்த்து ஒரே செய்தியில் எழுதுங்கள்.

பெரியவர் ஒருவரை வெறும் பெயரைப் போட்டு அழைப்பது மரியாதைக் குறைவாக இருக்காதா?

கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. @ எடுத்துக்கொடுக்கும் பெயர் அவர் பதிந்து வைத்த பெயர். அதில் நாம் கை வைக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் என்ன எழுதுவது என்பது நம் கையில் இருக்கிறது. "@கதிரவன் சார், வணக்கம்", "@செல்வி அக்கா", "@இளங்கோ ஐயா அவர்களுக்கு" என்று தொடர்ந்தால் @ வெறும் மணியாகவும் அடுத்த சொல் விளியாகவும் ஆகிவிடுகிறது. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். "பாருங்கள்" என்பதைவிட "பார்க்க முடியுமா?" கொஞ்சம் இடம் விடுகிறது.

வயது தெரியாத புதியவரை அண்ணா, அக்கா என்று நாமாக உறவு கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். பெயரும் "நீங்களும்" போதும். உறவு வரும்போது வரட்டும். "ப்ரோ"வைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு வயதாகிவிட்டது.

பெயரோடு உருபைச் சேர்த்து "@மலருக்கு" என்று எழுதலாமா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது. ஆங்கிலத்தில் பெயர் தனியாக நிற்கும். நாம் "க்கு", "இடம்", "ஓடு" எல்லாவற்றையும் பெயரோடு ஒட்டிவிடுகிறோம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் செயலிகளில் பெயர் ஒரு கட்டியாக உள்ளே வரும். அதன் பின்னால் உருபைத் தட்டினால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் பெயரைக் கையால் தட்டும் இடங்களில் "மலருக்கு" என்று ஓர் உறுப்பினரே இல்லை என்று இயந்திரம் முடிவுகட்டிவிடலாம். பெயரின் நடுவில் அழித்துத் திருத்தினாலும் இணைப்பு போய்விடும். பாசமாக "கண்ணா" என்று விளி வடிவம் ஆக்கினீர்களோ, போச்சு.

நான் கண்ட எளிய வழி, பெயரை வாக்கியத்துக்கு முன்னால் தனியாக நிறுத்திவிடுவது. "இதை @மலரிடம் கேட்கலாம்" என்பதற்குப் பதில் "@மலர் இதை உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன்." இலக்கணமும் கெடாது, இணைப்பும் உடையாது.

@ போட வேண்டுமா, ரிப்ளை போட்டால் போதுமா?

அவர் எழுதிய செய்தியைப் பற்றித்தான் பேச்சு என்றால் ரிப்ளையே மேல். எதற்குப் பதில் என்பது மேலே தெரியும். அவருக்கும் அறிவிப்பு போகும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ரிப்ளை போடும்போது ஓரத்தில் ஒரு @ பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டால் மணி அடிக்காமல் பதில் மட்டும் போகும். சூடான அரட்டையில் வரிக்கு வரி மணி அடிப்பதைத் தவிர்க்க இது நல்ல வசதி. அவர் எதுவும் எழுதாத இடத்துக்கு அவரை வரவழைக்கத்தான் @ உண்மையில் தேவை. ரிப்ளையும் போட்டு, அதற்குள் @-உம் போடுவது ஒரே கதவை இரண்டு கையாலும் தட்டுவது.

@ போட மறந்துவிட்டேன். செய்தியைத் திருத்திச் சேர்த்தால் போகுமா?

அதை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தத்துக்குப் புதிய அறிவிப்பு போகாது. டிஸ்கார்டிலும் திருத்திச் சேர்த்த @ மணி அடிக்காது. விக்கிப்பீடியா பேச்சுப் பக்கங்களில் இன்னும் கறார். பெயரைக் குறிப்பிடுவதும் உங்கள் கையொப்பமும் ஒரே தொகுப்பில் (ஒருமுறை எழுதிச் சேமிப்பதில்) இருக்க வேண்டும். கையொப்பம் இட்ட பிறகு திரும்பி வந்து பெயரை மட்டும் நுழைத்தால் அவருக்குச் சேதி போகவே போகாது. பல நாள் காத்திருந்து "அவர் மதிக்கவில்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே புதிதாக ஒரு வரி எழுதி அழைப்பதுதான் எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்து.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. @ போட்டு அனுப்பிவிட்டு உடனே செய்தியை அழித்துவிடுவது. மணி மட்டும் அடித்திருக்கும், வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. டிஸ்கார்டில் இதற்குப் பேய் பிங் என்றே பெயர். தவறுதலாகச் செய்துவிட்டால் "மன்னிக்கவும், தவறி அழைத்துவிட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் அந்த மனிதர் குழு முழுக்கத் தேடுவார்.

@ போட்டேன், கேள்வியும் தெளிவு, காரணமும் சொன்னேன். இன்னும் பதில் இல்லை.

முதலில் சரியான ஆளைத்தான் அழைத்தீர்களா என்று பாருங்கள். ஒரு கோப்பு விஷயமாகக் கதிர் என்பவரை மூன்று முறை அழைத்தேன். மூன்றாவது முறை கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, குழுவில் இரண்டு கதிர். நான் திரும்பத் திரும்ப அழைத்தது, சேர்ந்து பத்து நாளான, இன்னும் ஒரு வரிகூட மொழிபெயர்க்காத கதிரை. பாவம், தன்னை எதற்கு இப்படித் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் மௌனமாக இருந்திருக்கிறார். இப்போது பெயர்ப் பட்டியல் எழுந்தால் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.

ஆள் சரி என்றால், அவர் அந்த உரையாடலுக்குள் இருக்கிறாரா என்பது அடுத்தது. பூட்டிய குழுவில் இல்லாதவரை எவ்வளவு அழைத்தாலும் கேட்காது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிவின் கீழ் கருத்தில் அழைக்க வேண்டுமானால், அந்தப் பதிவில் ஏதாவது ஒரு விதத்தில் கை வைத்தவராக அவர் இருக்க வேண்டும். வழியே போகிறவரை இழுக்க முடியாது. உங்களை அவர் தடை செய்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள முயலாமல் இருப்பது நல்லது.

இவை எதுவும் இல்லையென்றால் அவர் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார், மறந்துவிட்டார். பத்தில் எட்டு முறை இதுதான் என்பது என் கணக்கு. ஆய்வு எதுவும் இல்லை. இரண்டு மூன்று நாள் விட்டு ஒரு நினைவூட்டல் நியாயம். அதில் பழைய கேள்வியை மறுபடி முழுதாக எழுதுங்கள். "மேலே பார்க்கவும்" என்றால் அவர் விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள். நீலக் குறி விழுந்துவிட்டதே என்று சாட்சி சொல்லாதீர்கள். படித்ததும் பதில் சொல்லும் கடமையும் ஒன்றல்ல.

எல்லோரையும் ஒரே அடியில் அழைக்கும் வசதியை எப்போது பயன்படுத்தலாம்?

வீடு தீப்பிடித்தால்.

கொஞ்சம் தளர்த்திச் சொல்கிறேன். அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் @சேனல் என்பது அந்த அறையில் உள்ள அத்தனை பேரையும் எழுப்பும். @ஹியர் அந்த நேரத்தில் செயலியில் இருப்பவர்களை மட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல், வேறு நேர மண்டலத்தில் தூங்குகிறவர்களையும் எழுப்புகிறார்கள். டிஸ்கார்டில் @எவ்ரிஒன் போடும் அனுமதியை நிர்வாகி கட்டுப்படுத்தலாம். பெரிய குழுவில் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும். டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரையும் வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரையும் சேரலாம். இவ்வளவு பேரின் சட்டைப்பையில் ஒரே நேரத்தில் அதிரும் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

2022-ல் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒருவர் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் நிரலாளர் குழுப் பெயரை @ போட்டு எழுதினார். அந்தக் குழுவில் சுமார் 4 லட்சம் கணக்குகள். அத்தனைக்கும் அறிவிப்பு பறந்தது. அதைவிட வேடிக்கை, "ஏன் எனக்கு இது வருகிறது?" என்று கேட்டவர்களின் ஒவ்வொரு வரியும் மறுபடி எல்லோருக்கும் போனது.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. ஒரு காற்புள்ளி விஷயமாக, விடுமுறை நாள் இரவில், 90 பேரை எழுப்பியிருக்கிறேன். மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். காற்புள்ளியைக் கடைசியில் நானே சரிசெய்தேன்.

ஒரே செய்தியில் நான்கைந்து பேரை அழைக்கலாமா?

விக்கிப்பீடியா ஒரே தொகுப்பில் 50 பேர் வரை அனுமதிக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒரு கருத்துக்கு ஒருவரை மட்டும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஐந்து பேரை அழைத்தால் "மற்ற நால்வரில் ஒருவர் பார்ப்பார்" என்று ஐவரும் நினைப்பார்கள். பொதுவாகக் கேட்ட அதே இடத்துக்கு வந்து நிற்போம். பலரை அழைத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரவர் வேலையை எழுதிவிடுங்கள்.

ஒருவரைப் பற்றிக் குழுவில் பேச்சு நடக்கிறது. அவரை @ போட்டு அழைத்து வரலாமா?

பாராட்டு என்றால் தயங்காமல் போடுங்கள். எத்தனையோ நல்ல சொற்கள் உரியவர் காதில் விழாமலே போகின்றன.

விமர்சனம் என்றால் யோசிக்க வேண்டும். அவருடைய வேலையைப் பற்றி முடிவு எடுக்கப்போகிறார்கள் என்றால் அழைப்பதுதான் நேர்மை. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு இடம் வேண்டும். ஆனால் பத்துப் பேர் ஏற்கெனவே கிண்டல் செய்துகொண்டிருக்கும் இடத்துக்கு "@இன்னார் இதைப் பார்த்தீர்களா?" என்று கூப்பிடுவது அடி வாங்க அழைப்பது. அப்படி ஒருவர் செய்தால் நிர்வாகியாக நான் அந்தச் செய்தியை நீக்கிவிடுவேன். அதற்குள் மணி அடித்திருக்கும் என்பதால் அவருக்குத் தனியாக ஒரு வரியும் எழுதுவேன்.

நேராகத் தனிச் செய்தியே அனுப்பிவிடலாமே?

சொந்த விஷயம், தவறு சுட்டிக்காட்டுவது, பணம், கடவுச்சொல் என்றால் தனிச் செய்திதான். மற்றபடி குழுவிலேயே கேளுங்கள். பதில் அங்கேயே கிடந்தால் அடுத்தவர் தேடி எடுப்பார். தனியே சொன்ன பதிலை வல்லுநர் பத்து முறை சொல்ல வேண்டியிருக்கும். பதினோராவது ஆளிடம் அவர் எரிந்து விழுந்தால் அது அந்த ஆளின் தப்பில்லை.

நான்தான் அந்த "எல்லாம் தெரிந்தவர்". நாள் முழுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். என்ன செய்ய?

உங்கள் எரிச்சலுக்கு ஆதாரம் உண்டு. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கவனம் தேவைப்படும் வேலையில் இருந்தவர்களின் தொலைபேசிக்கு அறிவிப்பு வந்தபோது, அதை எடுத்துப் பார்க்காதவர்களுக்கும் பிழைகள் கூடின. அறிவிப்பு வந்தது என்று தெரிவதே போதுமாக இருந்தது. "பார்க்காமல் விடுங்களேன்" என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

குழுவை ஒலியடக்கம் செய்தாலும் @ அழைப்பு மட்டும் அதைத் தாண்டி வரக்கூடும். அமைப்புகளில் இதற்குத் தனி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் உங்களை அழைத்த செய்திகளுக்கு உரையாடல் பட்டியலிலேயே @ குறி விழுந்திருக்கும். ஒரு நேரம் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துவிடலாம். "மாலை 7 மணிக்குப் பிறகு பார்ப்பேன்" என்று உங்கள் அறிமுக வரியில் எழுதி வைத்தால் பாதிப் பேர் மதிப்பார்கள். மீதிப் பேருக்கு, தெரிந்தாலும் உடனே சொல்லாமல், "@செல்வி போன வாரம் இதைச் செய்தார், அவரைக் கேட்டுப் பாருங்கள்" என்று திருப்பிவிடுங்கள். நான்கு முறை திருப்பினால் செல்வியும் எல்லாம் தெரிந்தவர் ஆகிவிடுவார்.

ராத்திரியில் ஒரு கேள்வி தோன்றுகிறது. காலையில் மறந்துவிடும். இப்போதே கேட்கலாமா?

எழுதுங்கள், மணி மட்டும் வேண்டாம். டெலிகிராமில் அனுப்பும் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் ஒலியில்லாமல் அனுப்பலாம், நேரம் குறித்தும் வைக்கலாம். டிஸ்கார்டில் செய்தியை @சைலன்ட் என்று தொடங்கினால் போதும். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தில் @ இல்லாமல் கேள்வியைப் போட்டுவிட்டு, காலையில் அதற்கு ரிப்ளையாக ஆளை அழையுங்கள்.

பதில் வந்துவிட்டது. நன்றி சொல்ல மறுபடி @ போட வேண்டுமா?

வேண்டாம், அவர் செய்திக்கு ஒரு கட்டைவிரல் போதும். ஆனால் அவர் சொன்னது வேலை செய்ததா என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். "மாற்றிவிட்டேன், இப்போது சரியாகத் தெரிகிறது" என்ற வரிக்காகத்தான் மலர் அடுத்த முறையும் வருகிறார். அவரே என்னிடம் சொன்னது.